பாஸ்டன் அணிப்பட்டியலும் ரசிகரின் தராசும்

பேஸ்பால் ரசிகர்கள் தங்கள் அணியின் நிர்வாகத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஆட்டத்தின் முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து சென்றே தீர்ப்பு வழங்குகிறார்கள். வென்றுவிட்டால் விற்கப்பட்ட வீரரும் தேவையற்றவராகத் தெரிகிறார், தோற்றுவிட்டால் பொறுப்பான முடிவும் மடமையாகத் தெரிகிறது. ஓர் அணி எந்த வீரரை வைத்துக்கொண்டது, எவரை அனுப்பியது, எவரை எந்த இடத்தில் ஆடவிட்டது என்னும் முடிவுகளை, அவை எடுக்கப்பட்ட நாளில் கையில் இருந்த தகவல்களைக் கொண்டு எடைபோடுவதே நேர்மையான வழி. இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்க்க, அமெரிக்காவின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் கடந்த கால் நூற்றாண்டு வரலாற்றைவிடப் பொருத்தமான களம் அரிது. ஏனெனில் அதன் மிகப் பெரிய மகிழ்ச்சியும் மிகக் கசப்பான பிரிவும் அணிப்பட்டியல் குறித்த முடிவுகளிலிருந்தே பிறந்தன.

அணிப்பட்டியல் என்பது வெறும் பெயர் வரிசையன்று. கண்டிப்பான விதிகளால் வேலியிடப்பட்ட, இடப் பற்றாக்குறை மிகுந்த ஒரு சொத்து. அமெரிக்க மேஜர் லீக் போட்டிகளில் ஒவ்வோர் அணியும் பருவத்தின் பெரும்பகுதியில் களத்தில் இறக்கத்தக்க வீரர்களாக 26 பேரை மட்டுமே வைத்திருக்கலாம். 2020க்கு முன்பு இந்த எண்ணிக்கை 25 ஆக இருந்தது. இந்த 26 பேரையும் உள்ளடக்கிய பெரிய பட்டியல் 40 பேரைக் கொண்டது. அதில் இடம்பெற்ற இளம் வீரர்களைக் கீழ்நிலை அணிகளுக்கு அனுப்பி மீண்டும் அழைத்துக்கொள்ள அணிக்குப் பொதுவாக மூன்று பருவங்கள் மட்டுமே உரிமை உண்டு, இதற்கு ஆப்ஷன் என்று பெயர். அந்த மூன்று பருவங்களும் தீர்ந்த வீரரைக் கீழே அனுப்ப வேண்டுமானால், முதலில் அவரைப் பிற அணிகள் எல்லாம் கேட்டுப் பெறும் வகையில் வெய்வர் எனப்படும் பொது அறிவிப்பில் வைக்க வேண்டும். 40 பேர் பட்டியலில் புதிதாக ஒருவரைச் சேர்க்க ஏற்கனவே இருக்கும் ஒருவர் வெளியேற வேண்டும் என்பதால், ஒவ்வொரு வரவும் ஒரு செலவாகவே அமைகிறது.

இதற்கு மேல் ரூல் ஃபைவ் டிராஃப்ட் என்னும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. பல ஆண்டுகளாகக் கீழ்நிலை அணிகளிலேயே தேங்கிக் கிடக்கும் வீரர், 40 பேர் பட்டியலில் சேர்க்கப்படாமல் விடப்பட்டிருந்தால், டிசம்பர் மாதத்தில் வேறோர் அணி அவரைக் கவர்ந்து செல்லலாம். ஆனால் கவர்ந்த அணி அடுத்த பருவம் முழுவதும் அவரைத் தன் முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும், இயலாவிட்டால் பழைய அணிக்கே திருப்பித் தர முன்வர வேண்டும். பணக்கார அணிகள் திறமையாளர்களைக் குவித்துப் பூட்டிவைப்பதைத் தடுக்க வந்த இவ்விதி, ஒரு வீரரின் வாழ்க்கையைத் திறந்துவிடும் அதே கணத்தில் வேறொருவரை வெளியே தள்ளவும் செய்கிறது.

அப்படி வெளியே தள்ளப்பட்டவர்களுள் டேவிட் ஒர்டீஸ் என்பவரின் கதை பாஸ்டன் ரசிகர்கள் அனைவரும் அறிந்தது. மின்னசோட்டா ட்வின்ஸ் அணிக்காக 2002 பருவத்தில் 20 ஹோம் ரன்கள், அதாவது பந்தை மைதானத்தின் எல்லைச் சுவருக்கு அப்பால் அனுப்பி நேரடியாக ஓட்டம் பெறும் அடிகள், அடித்திருந்த அவரை, அடுத்த ஆண்டு ஊதியம் கணிசமாக உயரும் என்ற நிலையில், வாங்க வேறு அணி எதுவும் முன்வராததால், 2002 டிசம்பரில் அவ்வணி விடுவித்தது. அதே நாளில் ரூல் ஃபைவ் டிராஃப்டில் ஹோசே மோர்பான் என்னும் இளம் தடுப்பாட்டக்காரரை அது தேர்ந்தெடுத்தது. அவரோ அடுத்த பருவம் தொடங்குமுன்பே பால்டிமோர் அணிக்குப் போய்விட்டார். பாஸ்டன் 2003 ஜனவரியில் ஒர்டீஸை 12.5 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. இன்று இதைப் படிப்பவருக்கு ட்வின்ஸ் நிர்வாகம் கண்மூடித்தனமாக நடந்துகொண்டது போலத் தோன்றலாம். ஆனால் அந்த டிசம்பரில் வேறு எந்த அணியும் அவருக்காகப் போட்டி போடவில்லை என்பதை மறந்துவிடலாகாது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதியே உண்மையில் முக்கியமானது. 2003 பருவத்தின் தொடக்கத்தில் ஒர்டீஸ் நிரந்தர ஆட்டக்காரர் அல்லர். கெவின் மில்லர், ஜெரமி ஜியாம்பி, ஷே ஹில்லன்பிராண்ட் ஆகியோருடன் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டு பாதி நாட்கள் ஆடாமல் வெளியே உட்கார்ந்திருந்தார். மே மாத இறுதியில் ஹில்லன்பிராண்டை அரிசோனா அணிக்கு அனுப்பி, பதிலுக்குப் பந்து வீச்சாளர் பியுங்-ஹியுன் கிம்மைப் பாஸ்டன் பெற்றபோது, ஒரு வீச்சாளர் வந்தார் என்பது மட்டுமே செய்தியாயிற்று. ஆனால் அந்தப் பரிமாற்றம் திறந்துவிட்ட இடத்தில்தான் ஒர்டீஸ் நாள்தோறும் ஆடத் தொடங்கி, பருவ முடிவில் 31 ஹோம் ரன்களை எட்டினார். ஓய்வு பெறுகையில் அவருடைய கணக்கில் 541 ஹோம் ரன்கள் இருந்தன. 2022இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். வீரரின் செயல்பாட்டைப் பார்த்து அணிப்பட்டியல் தீர்மானிக்கப்படுகிறது என்றே ரசிகர்கள் எண்ணுகிறார்கள். அணிப்பட்டியலே செயல்பாட்டை உருவாக்குவதும் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வாய்ப்புக் கிடைக்காதவருக்குப் புள்ளிவிவரமும் கிடைப்பதில்லை.

புள்ளிவிவரம் என்று வரும்போது, ரசிகர்கள் நீண்டகாலமாக நம்பிவந்த அளவு பேட்டிங் சராசரி. மட்டையாளர் சந்தித்த வாய்ப்புகளில் எத்தனை விழுக்காட்டில் அடித்துப் பாதுகாப்பாக பேஸை, அதாவது ஓட்டப் பாதையின் நான்கு நிலைகளுள் ஒன்றை, அடைந்தார் என்பதை அது காட்டுகிறது. 0.300 சராசரி உடையவர் நட்சத்திரம், 0.250 சராசரி உடையவர் சாதாரணர் என்பது பொது வழக்கு. 500 வாய்ப்புகளில் முன்னவர் 150 முறையும் பின்னவர் 125 முறையும் வெற்றிகரமாக அடிக்கிறார்கள். ஏறத்தாழ 26 வாரங்கள் நீளும் பருவத்தில் இருவருக்கும் இடையிலான வேறுபாடு வாரத்துக்கு ஓர் அடி மட்டுமே. நாள்தோறும் மைதானத்துக்கு வரும் ரசிகராலும் கண்ணால் இந்த வேறுபாட்டைக் காண முடியாது. ஒரு வாரம் நன்றாக அடித்தவரை ஏன் உட்காரவைத்தார்கள் என்று கொதிப்பதும், பத்து நாட்கள் தடுமாறியவரை ஏன் அனுப்பவில்லை என்று கேட்பதும் இயல்பான உணர்ச்சிகள்தாம், எனினும் அவற்றில் தகவல் மிகக் குறைவு.

மேலும், பேட்டிங் சராசரி ஒரு பெரிய உண்மையை மறைத்துவிடுகிறது. வீச்சாளர் அடிக்கத்தக்க எல்லைக்குள் விழாத நான்கு பந்துகளை வீசி, மட்டையாளர் அவற்றை அடிக்காமல் பொறுத்திருந்தால், முதல் பேஸுக்கு நடந்தே செல்லலாம். வாக் எனப்படும் இந்தப் பயன் பேட்டிங் சராசரிக் கணக்கில் சேர்வதில்லை. 2004 பாஸ்டன் அணியில் ஆடிய மார்க் பெல்ஹார்ன் அப்பருவத்தில் 177 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனார், அதாவது பந்தை ஆட்டத்துக்குள் செலுத்தாமலேயே வெளியேறினார்; உள்ளூர் ரசிகர்கள் பலர் அவரைத் தாங்கமுடியாத சுமையாகக் கருதினார்கள். ஆனால் அவர் 88 முறை வாக் பெற்றிருந்தார், ஏதேனும் ஒரு வகையில் பேஸை அடைந்த விகிதம் 0.373, இது ரசிகர்களைக் கூச்சலிடவைத்த அவருடைய தோல்விகளை ஈடுசெய்யப் போதுமானது. அவரைத் தொடர்ந்து ஆடவைத்த நிர்வாகம் அக்டோபரில் அதன் பலனைக் கண்டது: மேஜர் லீக்கின் இரு பிரிவுகளுள் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் இறுதித் தொடரில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான கடைசி இரண்டு ஆட்டங்களிலும், அடுத்து வந்த, பட்டத்தைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டத்திலும் அவர் ஹோம் ரன் அடித்தார்.

அதே 2004இன் ஜூலை 31ஆம் நாள் எடுக்கப்பட்ட முடிவுக்கு நிதானமான ஆய்வு தேவை. பருவத்தின் நடுவில் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கெடு அன்று முடிந்தது. பொது மேலாளராகிய, அதாவது வீரர்களை வாங்குவதும் விற்பதுமான பொறுப்பை வகித்த, தியோ எப்ஸ்டீன் அப்போது முப்பது வயதைத் தொட்ட இளைஞர். அவர் நான்கு அணிகள் சேர்ந்த ஒரு பரிமாற்றத்தில் நோமார் கார்சியாபாராவைச் சிகாகோ கப்ஸ் அணிக்கு அனுப்பினார். பதிலாக மாண்ட்ரியால் அணியிலிருந்து ஓர்லாண்டோ கப்ரேராவும் மின்னசோட்டாவிலிருந்து டக் மின்ட்கேவிச்சும் வந்தார்கள். கார்சியாபாரா 1997இல் ஆண்டின் சிறந்த புதுமுகம், 1999இல் 0.357, 2000இல் 0.372 என்று தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அமெரிக்கன் லீக்கின் உயர்ந்த பேட்டிங் சராசரியைப் பெற்றவர். பாஸ்டனின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் குழந்தைகள் அணிந்து வந்த சட்டைகளில் அவருடைய பெயரே மிகுதியாக இருந்தது. அனுப்பப்பட்ட நாளில்கூட அவருடைய சராசரி 0.321. வந்து சேர்ந்த கப்ரேராவின் சராசரியோ அப்போது 0.246.

இந்த இரண்டு எண்களை மட்டும் அருகருகே வைத்தால் முடிவு விபரீதமாகவே தெரியும். ஆனால் கார்சியாபாரா ஆடிய ஷார்ட்ஸ்டாப் என்னும் இடம், இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நின்று மிக அதிகமான தரைப்பந்துகளைத் தடுக்க வேண்டிய இடம். கணுக்காலுக்குப் பின்னால் உள்ள தசைநாண் காயத்தால் அவர் அந்தப் பருவத்தில் பாஸ்டனுக்காக ஆடியதே 38 ஆட்டங்கள்தாம், ஆடிய நாட்களிலும் பக்கவாட்டில் விரைந்து செல்லும் ஆற்றல் குறைந்திருந்தது. அவருடைய ஒப்பந்தம் பருவத்தோடு முடியவிருந்தது. முந்தைய குளிர்காலத்தில் மற்றொரு ஷார்ட்ஸ்டாப்பான அலெக்ஸ் ரோட்ரிகஸைப் பெற அணி முயன்று, வீரர் சங்கம் ஊதியக் குறைப்பை ஏற்காததால் அது கைகூடாமல் போனபின், தன் இடம் பேரம் பேசப்பட்டதை அறிந்த கார்சியாபாராவுக்கும் நிர்வாகத்துக்கும் இடையில் நம்பிக்கை தேய்ந்திருந்தது. ஆகவே எப்ஸ்டீன் எடைபோட வேண்டியிருந்தது ஒரு மாபெரும் வீரரின் கடந்த காலத்தையன்று. காயம்பட்ட காலோடு எஞ்சியிருந்த இரண்டு மாதங்களையே. அந்த இரண்டு மாதங்களுக்குத் தடுப்பாட்டத்தில் சிறந்த ஒருவர் கூடுதலாகப் பயன்படுவார் என்ற கணிப்பு அன்றைய தகவலின்படியே சரியானது.

அதன்பின் பாஸ்டன் 60 ஆட்டங்களில் 42இல் வென்றது. அதுவரை 56 வெற்றி, 46 தோல்வி என்று தள்ளாடிய அணி அது. இந்த மாற்றம் முழுவதையும் கப்ரேராவின் கணக்கில் எழுதும் பழக்கம் ரசிகர்களிடம் உண்டு, அது பிழை. பாஸ்டன் வந்தபின் அவர் 0.294 சராசரியில் அடித்தார் என்பது உண்மை, தடுப்பாட்டம் இறுகியதும் உண்மை. எனினும் எந்த ஒரு ஷார்ட்ஸ்டாப்பாலும் இரண்டு மாதங்களில் இத்தனை வெற்றிகளைத் தனியாக ஈட்டித்தர இயலாது. கர்ட் ஷில்லிங், பெட்ரோ மார்ட்டினஸ் ஆகியோரின் வீச்சும், ஒர்டீஸ், மேனி ராமிரஸ் ஆகியோரின் அடியும் அதே அறுபது ஆட்டங்களில் இருந்தன. அணி ஒருவேளை அக்டோபரில் தோற்றிருந்தாலும் ஜூலை 31 முடிவு சரியானதாகவே இருந்திருக்கும். வென்றதால் மட்டும் அது சரியாகிவிடவில்லை.

அன்று நடந்த வேறொரு சிறு பரிமாற்றத்தைச் செய்தித்தாள்கள் ஓரத்தில் போட்டன. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸிடமிருந்து டேவ் ராபர்ட்ஸ் என்ற வேகமான ஓட்டக்காரர் வந்தார். நிரந்தர இடம் இல்லை, எப்போதாவது மாற்று ஆளாக இறங்குவதே அவருடைய பணி. 25 இடங்களில் ஒன்றை ஓட்டத்துக்காக மட்டுமே ஒதுக்குவது ஆடம்பரம் என்று எண்ண இடமுண்டு, ஏனெனில் அந்த இடத்தில் மற்றுமொரு வீச்சாளரை வைத்திருக்கலாம். யாங்கீஸுக்கு எதிரான தொடரில் பாஸ்டன் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்து, நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தபோது, உலகின் தலைசிறந்த இறுதிக்கட்ட வீச்சாளராகிய யாங்கீஸின் மரியானோ ரிவேராவிடம் மில்லர் ஒரு வாக் பெற்றார். அவருக்குப் பதில் ஓட வந்த ராபர்ட்ஸ், அவர் ஓடுவார் என்று மைதானத்தில் இருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தும், இரண்டாம் பேஸைத் திருடினார். வீச்சாளர் பந்தை வீசும் கணத்தில் அடுத்த பேஸுக்குப் பாய்வதையே திருடுதல் என்பர். பில் மியூலரின் அடியில் ராபர்ட்ஸ் ஓட்டத்தை முடித்தார், சமநிலையான ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸ்களுக்கு நீண்டது, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஒர்டீஸ் ஹோம் ரன் அடித்தார், தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்று 1918க்குப் பின் முதன்முறையாகப் பாஸ்டன் பட்டம் பெற்றது. வேர்ல்டு சீரிஸில் ராபர்ட்ஸ் களமிறங்கவே இல்லை. ஆனாலும் பட்டியலின் அடியில் இருக்கும் பெயர்களைக் கவனமாகத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய கலை என்பதை அந்தச் சில விநாடிகள் காட்டின.

ஆட்டத்தின் நடுவில் எடுக்கப்படும் முடிவுகளும் அணிப்பட்டியலின் நீட்சியே. எவரைக் களத்தில் விட்டுவைப்பது, எவரை அழைப்பது என்பதை மேனேஜர் தீர்மானிக்கிறார். 2003இல் யாங்கீஸுக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டத்தில், 5-2 என்று முன்னிலையில் இருந்தபோது, நூறு பந்துகளை வீசிமுடித்திருந்த பெட்ரோ மார்ட்டினஸை எட்டாவது இன்னிங்ஸிலும் வீசவிட்டார் பாஸ்டன் மேனேஜர் கிரேடி லிட்டில். அடிகள் விழத் தொடங்கியதும் களத்துக்குச் சென்று பேசிவிட்டு, மாற்றாமலே திரும்பினார். ஆட்டம் சமநிலையாகி, பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூனின் ஹோம் ரன்னோடு முடிந்தது. நூறு பந்துகளுக்குமேல் மார்ட்டினஸை எதிரணியினர் எளிதாக அடிப்பது அப்போதே தெரிந்த செய்தி. மாற்று வீச்சாளர்கள் அந்த அக்டோபரில் சிறப்பாக வீசியதும் தெரிந்ததே. ஆகவே லிட்டிலின் முடிவு, தோல்வி நேராமல் போயிருந்தாலும், தவறானது.

2020 வேர்ல்டு சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே அணியின் மேனேஜர் கெவின் கேஷ் செய்தது இதற்கு நேர்மாறானது. 1-0 என்று முன்னிலை, வீச்சாளர் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் ஒன்பது பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்திருந்தார், இரண்டே அடிகளைக் கொடுத்திருந்தார். ஆறாவது இன்னிங்ஸில் ஒரு மட்டையாளர் பேஸை அடைந்தவுடன் கேஷ் ஸ்னெலை வெளியே எடுத்தார். ஒரே வீச்சாளரை மூன்றாவது முறை சந்திக்கும்போது மட்டையாளர்கள் கூடுதலாக அடிக்கிறார்கள் என்பது ஆண்டாண்டுப் பதிவுகளில் உறுதிப்பட்ட உண்மை. ஸ்னெல் அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்தில்கூட ஆறு இன்னிங்ஸை முடித்ததில்லை. எனவே பொது விதி கேஷின் பக்கம் இருந்தது. ஆனால் அழைக்கப்பட்ட நிக் ஆண்டர்சன் அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களிலும் ஓட்டம் விட்டுக்கொடுத்தவர். ஆறு ஆட்டங்கள் சிறிய அளவுதான், பேட்டிங் சராசரிபோலவே அதுவும் ஏமாற்றலாம். எனினும் களைப்படைந்த தோளின் அறிகுறியாகவும் அது இருக்கலாம் என்பதால், ஸ்னெலை எடுத்ததைவிட ஆண்டர்சனைக் கொண்டுவந்ததே கேள்விக்குரியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிய விமர்சனம், புள்ளிவிவரமே ஆட்டத்தைக் கெடுத்தது என்று முடித்துக்கொண்டது.

ஆண்டர்சனைச் சந்தித்த முதல் மட்டையாளர் மூக்கி பெட்ஸ். அவர் இரண்டு பேஸ் கடக்கும் அடி அடித்தார், பின்னர் முன்னிலை தரும் ஓட்டத்தையும் தானே முடித்தார், எட்டாவது இன்னிங்ஸில் ஹோம் ரன்னும் அடித்தார். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் பட்டம் வென்றது, அதன் மேனேஜர் அதே டேவ் ராபர்ட்ஸ். பாஸ்டன் ரசிகர்களுக்கு அந்த இரவு வலித்ததற்குக் காரணம், பெட்ஸ் எட்டு மாதங்களுக்கு முன்புவரை அவர்களுடையவராக இருந்தார்.

2011இல் ஐந்தாம் சுற்றில் பாஸ்டன் தேர்ந்தெடுத்து வளர்த்த பெட்ஸ், 2018இல் 0.346 சராசரியோடு அமெரிக்கன் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். அவ்வாண்டு 108 ஆட்டங்களை வென்ற அணி பட்டமும் பெற்றது. மேஜர் லீக் விதிப்படி ஆறு பருவச் சேவை முடித்தவர் விரும்பிய அணிக்குச் செல்லலாம். பெட்ஸுக்கு அந்த உரிமை 2020 இறுதியில் கிடைக்கவிருந்தது. பாஸ்டன் முன்வைத்த தொகை 30 கோடி டாலர் அளவினது என்றும், அவர் அதை ஏற்கவில்லை என்றும் செய்திகள் வந்தன. இதற்கிடையே, மொத்த ஊதியம் ஒரு வரம்பைக் கடக்கும் அணிகள்மீது லீக் விதிக்கும் வரி, தொடர்ந்து மூன்றாம் ஆண்டும் கடந்தால் மிகைத் தொகையில் 50 விழுக்காடாக உயரும். 2020க்கான வரம்பு 20.8 கோடி டாலர். அதற்குள் அடங்க விரும்பிய நிர்வாகம், 2020 பிப்ரவரியில் பெட்ஸையும் விலையுயர்ந்த வீச்சாளர் டேவிட் பிரைஸையும் சேர்த்து டாட்ஜர்ஸுக்கு அனுப்பி, அலெக்ஸ் வெர்டூகோ, கானர் வாங், ஜீட்டர் டவுன்ஸ் ஆகிய மூவரைப் பெற்றது. ஜூலையில் பெட்ஸ் டாட்ஜர்ஸோடு 12 ஆண்டுகளுக்கு 36.5 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டார். டவுன்ஸ் 2022 டிசம்பரில் 40 பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார், வெர்டூகோ 2023 டிசம்பரில் யாங்கீஸுக்குப் போனார்.

டவுன்ஸ் சோபிக்காததைக் காட்டி இந்தப் பரிமாற்றத்தைக் கண்டிப்பது முறையன்று. இளம் வீரர்களின் எதிர்காலம் எவருக்கும் தெரியாது. அது அன்றே தவறாக இருந்தது என்பதற்குக் காரணம் வேறு. கார்சியாபாராவுக்கு முப்பத்தொரு வயது, காயம்பட்ட கால், எஞ்சியது இரண்டு மாதங்கள். பெட்ஸுக்கு 27 வயது, குறையில்லாத உடல், அடியிலும் தடுப்பாட்டத்திலும் ஓட்டத்திலும் ஒருசேரச் சிறந்த நிலை. பேஸ்பாலின் செல்வம் மிக்க அணிகளுள் ஒன்றாகிய பாஸ்டனுக்கு அவருக்குரிய விலை எட்டாத உயரமன்று. வரி வரம்பு என்பது தாண்டக்கூடாத சட்டமுமன்று, தாண்டினால் பணம் செலுத்த வேண்டிய கோடு மட்டுமே. அத்துடன், தாங்கள் வளர்த்த சிறந்த வீரரை ஒரு தலைமுறை முழுவதும் பார்க்கும் வாய்ப்பு ரசிகருக்கு உரியது என்பதும் கணக்கில் சேர வேண்டிய மதிப்பே. அதை உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று தள்ளும் நிர்வாகம், நுழைவுச்சீட்டு வாங்குவோர் எதற்காக வாங்குகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறது.

2025 ஜூன் 15இல் பாஸ்டன் மீண்டும் அதே திருப்பத்தில் வந்து நின்றது. 2018 பட்ட அணியிலிருந்து எஞ்சியிருந்தவரும், 2023 ஜனவரியில் 10 ஆண்டுகளுக்கு 31.35 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றவருமான ரஃபேல் டெவர்ஸ், சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு அனுப்பப்பட்டார். மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் அலெக்ஸ் பிரெக்மன் வந்ததும் அந்த இடத்தை விட்டு அடிப்பதற்கு மட்டும் இறங்கும்படி டெவர்ஸிடம் சொல்லப்பட்டது. பின்னர் முதல் பேஸ் ஆட்டக்காரர் டிரிஸ்டன் கசாஸ் முழங்கால் காயத்தால் வெளியேறியபோது முதல் பேஸில் நிற்கும்படி கேட்கப்பட்டது, அதற்கு அவர் இணங்கவில்லை. அடியைப் பொறுத்தவரை அவர் அணியின் முதன்மை ஆட்டக்காரர். மீதமிருந்த 25 கோடி டாலருக்கு மேற்பட்ட கடப்பாட்டை ஜயன்ட்ஸ் ஏற்றது. பாஸ்டன் அந்தப் பருவத்தில் 2021க்குப் பின் முதன்முறையாக அக்டோபர் போட்டிகளுக்குத் தகுதி பெற்று, யாங்கீஸிடம் முதல் சுற்றிலேயே தோற்றது. தகுதி பெற்றதை வைத்து நிர்வாகத்தைப் பாராட்டுவோரும், முக்கியமான தருணங்களில் டெவர்ஸின் மட்டை இல்லாததை வைத்துச் சாடுவோரும் உள்ளனர். கேட்கப்பட வேண்டிய கேள்வி ஜூன் 15க்கு முந்தையது: நீண்டகால ஒப்பந்தம் கொடுத்த வீரரிடம் ஓர் இடமாற்றத்தை எப்போது, எவர், எந்த முறையில் எடுத்துச்சொன்னார்கள்? சான் பிரான்சிஸ்கோவில் டெவர்ஸ் முதல் பேஸில் ஆடினார்.